ஒரே ராத்திரியில் ஸ்டார் ஆனவளா ஜென்னா ஒர்டேகா?

4 செப்டம்பர் 2025, வாசகர் ஒருவர் எழுதியது

"நெட்ஃபிளிக்ஸ் தொடர் 'வெட்னஸ்டே'யின் இரண்டாம் சீசனின் கடைசி நாலு எபிசோடும் நேற்று வந்துவிட்டன, பார்த்து முடித்தேன். என் கருத்து ஒன்றுதான். ஜென்னா ஒர்டேகாவுக்கு அடித்தது லாட்டரி. 2022இல் இரண்டு நிமிஷ டான்ஸ், அது வைரல், விடிந்தால் ஸ்டார். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணை யாருக்குத் தெரியும்? மறுப்பவர்கள் சொல்லலாம்."

4 செப்டம்பர், இரவு

மறுக்கிறேன். அவள் டிவியில் முதலில் தலைகாட்டியது 2012. ஆடம்ஸ் குடும்பத்தின் சிரிக்காத பெண் வெட்னஸ்டேயாக அவள் நடித்த தொடர் வந்தது 2022 நவம்பர். நடுவில் பத்து வருஷம். பத்து வருஷத்தை ஒரு ராத்திரி என்றால் அது துருவத்து ராத்திரியாகத்தான் இருக்கும்.

(அவர் என்பதா அவள் என்பதா என்று யோசித்தேன். என் மூத்த மகளைவிட ஏழெட்டு வயசுதான் பெரியவள். அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு இல்லை.)

கலிஃபோர்னியாவில் கோச்செல்லா பள்ளத்தாக்கு, பாலைவனப் பக்கம். 2002இல் பிறந்தவள். ஏழு பிள்ளைகளில் நாலாவது. அம்மா அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஆறு வயசில் குழந்தை நட்சத்திரம் டகோட்டா ஃபேனிங் நடித்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு நானும் நடிப்பேன் என்று பிடிவாதம். அம்மா வருஷக்கணக்கில் முடியாது என்றிருக்கிறார். கடைசியில் தொல்லை தாங்காமல் தனி நடிப்பு வசனப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, பெண் பேசிக் காட்டியதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். நடிகர் தேர்வு செய்யும் ஒருவர் கண்ணில் அது பட்டது. இது லாட்டரி என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்கியது அம்மா.

5 செப்டம்பர், காலை

இரண்டு தப்பு. மகள் காபி குடிப்பதற்குள் பிடித்துவிட்டாள்.

வீடியோ போட்டது யூடியூபில் இல்லை, ஃபேஸ்புக்கில்.

ஏழு பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள் டிஸ்னி சேனலின் 'ஸ்டக் இன் த மிடில்' தொடரில் வரும் ஹார்லி டயஸ். நிஜத்தில் ஜென்னா வீட்டில் ஆறு பிள்ளைகள். இரண்டிலும் நாலாவது என்பது மட்டும் சரி. 2016 முதல் 2018 வரை மூன்று சீசன் ஓடிய தொடர் அது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒருத்தரும் இவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "யாருக்குத் தெரியும்" என்று கேட்டவர் பெரியவர்களின் டிவியை மட்டும் பார்க்கிறார் போல.

6 செப்டம்பர்

அம்மா நர்ஸ் என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். தாண்டக்கூடாத இடம் அது.

நானும் நர்ஸ்தான். பத்தொன்பது வருஷ சர்வீஸ், அதில் பாதி நைட். ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போய்க் காலை எட்டு மணிக்கு வெளியே வந்தால் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் இருக்கும். அந்த நிலையில் மகளை நாலு கிலோமீட்டர் தள்ளி டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதற்கே எனக்கு எரிச்சல் வரும். கோச்செல்லா பள்ளத்தாக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல், இருந்தால் கணக்கில்லை. ஆடிஷன் இரண்டு நிமிஷத்தில் முடியும், "சொல்லியனுப்புகிறோம்" என்பார்கள், அப்புறம் அதே ரோட்டில் திரும்பி வர வேண்டும். வீட்டில் மற்ற ஐந்து பிள்ளைகள். அந்த அம்மா எப்போது தூங்கினார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய மர்மம்.

படப்பிடிப்புக்குப் போனால் அங்கே சட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒன்பது வயது முதல் பதினாறுக்குள் இருக்கும் பிள்ளை, பள்ளி நாட்களில் படப்பிடிப்புத் தளத்தில் ஒன்பது மணி நேரம்தான் இருக்கலாம். அதில் வேலை ஐந்து மணி, படிப்பு மூன்று மணி, ஓய்வு ஒரு மணி. பாடம் எடுக்கவும் பிள்ளையைக் கவனிக்கவும் ஓர் ஆசிரியர் தளத்திலேயே இருக்க வேண்டும். சம்பளத்தில் 15 சதவீதம் பிள்ளை பெயரில் தனிக் கணக்குக்குப் போய்விடும், பெற்றோர் தொட முடியாது. நர்சுகளுக்கு இப்படி நேரக்கணக்கு பார்க்கும் சட்டம் வந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. சரி, அது வேறு இழை.

7 செப்டம்பர்

'அயர்ன் மேன் 3' படத்தில் இவள் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். துணை ஜனாதிபதியின் மகளாக, சக்கர நாற்காலியில். கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். வசனம் இருந்ததாம், எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். பத்து வயசுப் பெண் தியேட்டரில் போய் உட்கார்ந்து தன் வசனத்துக்காகக் காத்திருந்தால் எப்படி இருக்கும்.

2015இல் நெட்ஃபிளிக்ஸே எடுத்த 'ரிச்சி ரிச்' என்ற பிள்ளைகள் தொடரிலும் இருந்தாள். அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, நெட்ஃபிளிக்ஸ் உட்பட. 'ஜேன் த வர்ஜின்' தொடரில் கதாநாயகியின் சின்ன வயசுக் காட்சிகள் பலவற்றில் இவள்தான். அது 2014இல் தொடங்கியது. 'யூ' இரண்டாம் சீசனில், 2019 டிசம்பரில், எல்லி என்ற பதினைந்து வயசுப் பெண். நான் முதலில் கவனித்தது அதில்தான். கொலைகாரனையே "நீ யாருடா" என்கிற மாதிரி பார்க்கும் அந்தப் பார்வை.

9 செப்டம்பர்

டான்ஸுக்கு வருவோம், எல்லாரும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

நாலாவது எபிசோட். பாட்டு த கிராம்ப்ஸ் என்ற குழுவின் 'கூ கூ மக்', 1981இல் வந்தது. (வைரல் வீடியோக்களில் ஓடியது லேடி காகாவின் 'பிளடி மேரி'. அது ரசிகர்கள் ஒட்டியது. தொடரில் அந்தப் பாட்டே இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.) நடன இயக்குநர் கிடையாது. அவளே அமைத்தாள். பாட்டு கைக்கு வந்தது சுமார் ஒரு வாரம் முன்னால். எண்பதுகளின் கோத் (கறுப்பு உடை, இருண்ட இசைக் கூட்டம்) கிளப்புகளில் மனிதர்கள் ஆடிய பழைய வீடியோக்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். தான் டான்ஸர் இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதனால்தான் அது அழகு. கற்றுக்கொண்டு ஆடுகிறவர்கள் அப்படித் தோளைக் கோணமாட்டார்கள்.

ஆனால் எனக்கு ஒரு கோபம் உண்டு, மூன்று வருஷமாக இருக்கிறது. அன்று அவளுக்கு உடம்பு முறித்துப் போட்டதுபோல் வலி, தொண்டை அரிப்பு. கோவிட் பரிசோதனை முடிவு வரவில்லை. டேக்குகளுக்கு நடுவில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் அறை நிறைய ஆட்கள், ஆடிக்கொண்டு. அப்புறம் பாசிட்டிவ். தயாரிப்புத் தரப்பு, விதிகளைப் பின்பற்றினோம், முடிவு தெரிந்ததும் அனுப்பிவிட்டோம் என்றது. அறிகுறி இருக்கும்போதே அனுப்புவதுதான் விதி என்று வார்டில் நாங்கள் படித்தது. அந்தக் காட்சியை நான் பார்க்கும்போதெல்லாம் அவள் காலைப் பார்ப்பதில்லை, பின்னால் ஆடுகிறவர்களுக்கு எத்தனை அடி தூரம் என்று பார்க்கிறேன். தொழில் வியாதி.

10 செப்டம்பர், பின்னிரவு

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நேர்மையாக ஒன்று எழுத வேண்டும்.

2021 மே. எனக்குக் காய்ச்சல் தொடங்கியது ஷிஃப்டின் நடுவில். சாம்பிள் கொடுத்தாயிற்று. மாற்றிவிட ஆள் இல்லை. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு விடியும் வரை நின்றேன். போ என்றும் யாரும் சொல்லவில்லை, போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. மறுநாள் பாசிட்டிவ். அப்போது நான் வேலைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு 19 வயசு, தலைப்புப் பாத்திரம், இயக்குநர் நாற்காலியில் டிம் பர்ட்டன். (முதல் நாலு எபிசோடு அவர் எடுத்தது.) அந்தப் பெண் எழுந்து நின்று "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும் என எதிர்பார்த்தது நான்.

கோபம் போகவில்லை. ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

12 செப்டம்பர்

செல்லோ பற்றி, உட்கார்ந்து வாசிக்கும் அந்தப் பெரிய வயலின் பற்றி, ஒருவரும் பேசக் காணோம்.

நான் பள்ளிக்கூட நாளில் நாலு வருஷம் வயலின் படித்தேன். வர்ணம் தாண்டவில்லை. ஆனாலும் அதனால் ஒரு சாபம்: சினிமாவில் யார் வயலின் வாசிப்பதாக நடித்தாலும் என் கண் வில்லுக்குப் போய்விடும். இடது கை விரல் நடுங்கும், முகம் உருகும், வில் மட்டும் ரம்பம் அறுத்துக்கொண்டிருக்கும்.

முதல் எபிசோடில் வெட்னஸ்டே விடுதிப் பால்கனியில் உட்கார்ந்து ரோலிங் ஸ்டோன்ஸின் 'பெயிண்ட் இட் பிளாக்' வாசிக்கிறாள். வில் பாட்டோடு போகிறது. இழுப்பும் தள்ளலும் சுரம் மாறும் இடத்தில் மாறுகின்றன. முழங்கை தொங்கவில்லை. அவள் இந்தத் தொடருக்காகவே செல்லோ கற்றவள், பன்னிரண்டு பதினாலு மணி நேரப் படப்பிடிப்புக்கு நடுவில் பாடம். கூடவே வாள்வீச்சு, வில்வித்தை, கொஞ்சம் ஜெர்மன். இதெல்லாம் ருமேனியாவில், வீட்டைவிட்டு எட்டு மாதம்.

(ருமேனியா என்றதும் நினைவு வருகிறது. துண்டுக் கையாக ஓடிவரும் 'திங்' பாத்திரம் கிராஃபிக்ஸ் மட்டும் இல்லை. விக்டர் டோரபான்ட்சு என்ற ருமேனிய மேஜிக் நிபுணரின் கை. மற்ற உடம்புக்கு நீல உடுப்பு போட்டு மறைத்துவிடுவார்களாம். நடிப்பு ஐந்து விரலில் இருக்கிறது.)

கண் சிமிட்டாதது? ஒரு டேக்கில் தற்செயலாகச் சிமிட்டாமல் இருந்தாள், பர்ட்டனுக்குப் பிடித்துவிட்டது, இனி சிமிட்டாதே என்றார். தற்செயலாக நடந்ததைத் தண்டனையாக மாற்றுவது எல்லா மேலதிகாரிகளுக்கும் கைவந்த கலை.

14 செப்டம்பர்

வசனத்தை மாற்றிய சர்ச்சை. 2023 மார்ச்சில் நடிகர் டாக்ஸ் ஷெப்பர்டின் பாட்காஸ்டில் பேசினாள். தொடரில் தனக்கு வந்த பல வசனங்கள் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை, சில இடங்களில் தானே மாற்றினேன், ஒரு கட்டத்தில் தொழில்முறைக்கு ஒவ்வாத அளவுக்குக்கூடப் போனேன் என்றாள். நடன உடை ஒன்றைப் பார்த்து வெட்னஸ்டே பூரித்துப் போகிறமாதிரி ஒரு வரி, காதல் முக்கோணம், இதெல்லாம் அவளுக்கு உடன்பாடில்லை. இரண்டு மாதம் கழித்து, மே 2இல், ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. 148 நாள். மறியல் பலகைகளில்கூட இவளைக் கிண்டலடித்தார்கள்.

நான் இவள் பக்கம். சவப்பெட்டிக்கு ஆசைப்படும் பெண் கவுனைப் பார்த்துப் பூரிப்பாளா? காகிதத்தில் எழுதியவருக்குத் தெரியாதது வாயால் சொல்கிறவளுக்குத் தெரியும்.

17 செப்டம்பர்

மேலே எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம். சீனியர் டாக்டர் ஒருவர் எழுதிய மருந்து நேரம் எனக்குச் சரியாகப் படவில்லை. நோயாளி அப்போதுதான் தூங்கியிருந்தார், ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நான் நினைத்ததும் சரிதான், அடுத்த நாள் டாக்டரே நேரத்தை மாற்றி எழுதினார். ஆனாலும் எனக்கு விழுந்த திட்டு இன்றைக்கும் காதில் இருக்கிறது. மாற்றினதற்கு இல்லை. மாற்றுமுன் போன் செய்யாததற்கு.

ஜென்னா விஷயமும் அதுதான். எழுத்தாளர்கள் அப்புறம் கூப்பிட்டு, காட்சி என்ன ஆயிற்று என்று கேட்பார்களாம், இவள் உட்கார்ந்து ஏன் மாற்றினேன் என்று விளக்குவாளாம். விளக்கினாள், சரி. ஆனால் அப்புறம் விளக்கினாள். அவளும் பின்னாளில், வார்த்தைகளை இன்னும் நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டாள்.

இரண்டாம் சீசனில் அவள் தயாரிப்பிலும் பங்கு. காதல் முக்கோணம் போய்விட்டது. இப்போது போன் எடுத்துச் சொல்லும் இடத்தில் இருக்கிறாள். அன்று எனக்கு அந்த இடம் இல்லையே என்று நான் சாக்கு சொல்லிக்கொள்வதுண்டு. போன் என் மேசையில்தான் இருந்தது.

பி.கு. இன்று புதன்கிழமை. முதல் சீசன் வந்த 2022 நவம்பர் 23, இரண்டாவதின் இரண்டு பாதிகள் வந்த ஆகஸ்ட் 6, செப்டம்பர் 3, எல்லாமே புதன். ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் புதன்கிழமைக் குழந்தைக்குத் துயரம்தான் பங்கு, அதிலிருந்துதான் பாத்திரத்துக்குப் பெயர். நம் ஊரில் பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. நெட்ஃபிளிக்ஸ் நம் கட்சி.

20 செப்டம்பர்

15 சதவீதக் கணக்கைப் பற்றி 6ஆம் தேதி எழுதினேனே, அதற்கு 'கூகன் கணக்கு' என்று பெயர். ஜாக்கி கூகன். 1921இல் சாப்ளினோடு நடித்த குட்டிப் பையன். கோடி கோடியாகச் சம்பாதித்தான். பெரியவனாகிப் பார்த்தால் அம்மாவும் மாற்றாந்தந்தையும் செலவழித்துத் தீர்த்திருந்தார்கள். 1938இல் வழக்குப் போட்டு, கைக்கு வந்தது 1,26,000 டாலர்தான். அந்த வழக்கால் 1939இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது.

இதுவரை தெரியும். இன்று மத்தியானம் தெரிந்ததுதான் சேதி. அந்த ஜாக்கி கூகன் வளர்ந்து, தலை மொட்டையாகி, 1964இல் என்ன வேஷம் போட்டார் தெரியுமா? ஆடம்ஸ் குடும்பத்தின் முதல் டிவி தொடரில் ஃபெஸ்டர். வெட்னஸ்டேயின் சித்தப்பா! பல்பை வாயில் வைத்து எரியவிடுவாரே, அவர். ஜென்னா சின்ன வயசில் சம்பாதித்ததில் ஒரு பங்கைப் பூட்டி வைத்த சட்டம், வெட்னஸ்டேயின் சித்தப்பா போட்ட வழக்கிலிருந்து வந்தது. வார்டில் இதை மூன்று பேரிடம் சொன்னேன், மூவரும் பிபி பார்க்கப் போய்விட்டார்கள்.

21 செப்டம்பர்

சித்தப்பா இல்லை. மன்னிக்கவும்.

ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், நமக்குத்தான் கஷ்டம். பின்னால் வந்த படங்களிலும் இப்போதைய தொடரிலும் ஃபெஸ்டர் அப்பா கோமஸின் சகோதரர். ஆனால் 1964 தொடரில் அவர் அம்மா மோர்ட்டீஷியாவுக்குத்தான் அங்கிள். ஆக கூகன் போட்ட வேஷம் வெட்னஸ்டேக்குத் தாத்தா முறை. தாத்தா பேத்தியின் சம்பளத்தைக் காப்பாற்றினார் என்று திருத்தி வாசிக்கவும். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

27 செப்டம்பர்

இன்று அவளுக்கு 23.

2002 செப்டம்பர் 27 வெள்ளிக்கிழமை. மகள் காலண்டர் பார்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பிறந்து புதன்கிழமையால் பிழைக்கிறாள்.

விருது விவரம் கேட்டவருக்கு: டிஸ்னி தொடருக்காக 2018இல் இமேஜன் விருது (அமெரிக்காவில் லத்தீன் வம்சாவளிக் கலைஞர்களுக்குக் கொடுப்பது). வெட்னஸ்டேக்கு கோல்டன் குளோப், எம்மி இரண்டுக்கும் நகைச்சுவைப் பிரிவில் சிறந்த நடிகைக்கான பரிந்துரை. இரண்டையும் தட்டிச் சென்றவர் ஒரே ஆள், 'ஆபட் எலிமெண்டரி' தொடரின் குவின்டா பிரன்சன். சிரிக்காமலே நடித்ததை நகைச்சுவையில் சேர்த்தவர்களைச் சொல்ல வேண்டும்.

28 செப்டம்பர்

முதல் நாள் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "எல்லாம் சரி, அம்மா, சட்டம், செல்லோ. முதல் வாரத்திலேயே 34 கோடி மணி நேரம் உலகம் அதைப் பார்த்ததே, அது செல்லோவுக்காகவா? டான்ஸுக்குத்தானே?"

ஆமாம். டான்ஸும்தான். ஒத்துக்கொள்கிறேன். 'த ஃபால்அவுட்' என்ற படத்தில், பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டில் தப்பிய பெண்ணாக, அவள் இதைவிடப் பல மடங்கு நன்றாக நடித்திருக்கிறாள். அதைப் பார்க்கச் சொல்லி நான் சொன்னவர்களில் பார்த்தது என் தங்கை ஒருத்தி. டான்ஸைப் பார்க்கச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாரும் பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று. நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினோம். 1964 தொடரில் வெட்னஸ்டேயாக வந்தது ஆறு வயசு லிசா லோரிங். அதில் அந்தக் குழந்தை ஆடும் ஒரு சின்னத் துண்டு இணையத்தில் கிடைக்கிறது, காலைத் தேய்த்துத் தேய்த்து. ஜென்னா தன் டான்ஸில் லோரிங்குக்காக அதில் கொஞ்சம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டையும் இரண்டு போனில் வைத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். எனக்கு ஓரிடம் பிடிபட்டது, மகளுக்கு வேறிடம். இன்னும் சண்டை தீரவில்லை.

லோரிங் 2023 ஜனவரி 28 அன்று இறந்தார், 64 வயசு. தொடர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நாளை முதல் எனக்கு ஒரு வாரம் நைட். பதில் தாமதமாகும்.